பிலிப்பைன்ஸ் காதல் கதையில் ஊரைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸ் சிற்றூர்களில் நடக்கும் காதல் சிறுகதைகளை ஞாயிறு இணைப்பில் வெளியிட்டு வருகிறீர்கள். மொழிபெயர்ப்பும் வருகிறது, நம்மவர் எழுதியதும் வருகிறது. நல்ல முயற்சி. மருத்துவம் படிக்கத் தாவாவோ பக்கம் நம் பிள்ளைகள் போகத் தொடங்கியபின் அந்த நாட்டின் பெயர் தமிழ் வீடுகளில் அடிக்கடி அடிபடுகிறது. அங்குள்ள மனிதர்களைக் கதை வழியாகத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் வந்த கதைகளில் பெரும்பாலானவற்றில் ஊரையே காணோம். தென்னை, கடற்கரை, மரியா என்றொரு பெண், ஹோசே என்றொரு பையன், முடிவில் ஒரு மழை. பெயர்களை மாற்றிவிட்டால் அதே கதையைக் கோவாவிலும் நடத்தலாம்.

அந்த ஊர்க்காதல் கதைகளுக்கு உயிர் கொடுப்பது ஊர்தான். யாரை யார் எங்கே பார்க்கலாம், எத்தனை மணிக்குப் பார்க்கலாம், யார் கண்ணில் படாமல் பேச முடியாது, எந்த வருஷம் கல்யாணம் வைக்கக்கூடாது என்பதையெல்லாம் ஊர்தான் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுகளுக்குள் இரண்டு பேர் எப்படி ஒரு சந்து கண்டுபிடிக்கிறார்கள் என்பதே கதை. கட்டு எது என்று எழுதுகிறவருக்குத் தெரியாவிட்டால் சந்தும் தெரியாது.

இது அங்கே நூறு வருஷப் பழக்கமுள்ள கலை. தகாலோகு மொழியில் லிவாய்வாய் இதழ் 1922ல் தொடங்கியது. செபுவானோவில் பிசாயா 1930ல் வந்தது. 1934ல் ஹிலிகைனோன் மொழிக்கு ஒன்று, இலோகானோவுக்குப் பன்னவாக். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதன் மொழியிலேயே வார இதழ், அதில் சிறுகதையும் தொடர்கதையும். நம் வார இதழ்களில் கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சூழலை விளக்க வேண்டியதில்லை. 1980களுக்குப் பிறகு தகாலோகில் மெல்லிய பாக்கெட் காதல் நாவல்கள் வந்து குவிந்தன. பெட்டிக்கடையில் வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். இப்போது கைபேசியில் படிக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய பிலிப்பினோக்களும் தொடக்கத்திலேயே ஊரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மானுவேல் ஆர்கில்லா லா யூனியன் மாகாணத்துக்காரர். நகரத்துப் பெண்ணை மணந்து ஊருக்கு அழைத்து வரும் அண்ணனைப் பற்றி அவர் எழுதிய கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்கு 1940ல் பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் அரசின் இலக்கியப் போட்டியில் பரிசு கிடைத்தது. அந்தக் கதையில் அப்பா அந்தப் பெண்ணிடம் நேரடியாக எதுவும் கேட்பதில்லை. குதிரை வண்டியில் பெரிய சாலை வழியாகக் கூட்டி வரவேண்டிய மருமகளை, மாட்டு வண்டியில், இருட்டிய பிறகு, வயல் வழியாகக் கூட்டி வா என்று சின்ன மகனுக்குச் சொல்லி அனுப்புகிறார், அவ்வளவுதான். அவள் மாட்டுக்குப் பயப்படுகிறாளா, வண்டி குலுங்கும்போது என்ன செய்கிறாள், பாட்டில் சேர்ந்துகொள்கிறாளா என்று அந்தப் பையன் பார்த்துக்கொண்டே வருகிறான். வழியை மாற்றியதுதான் முழுச் சம்பவமும். பாதை தெரியாத எழுத்தாளர் இந்தக் கதையை எழுதியிருக்கவே முடியாது.

ஆகவே எழுத உட்காருகிறவர் முதலில் ஒரு தாளில் ஊரின் வரைபடத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பானியர் அமைத்த பழைய ஊர் என்றால் நடுவில் பிளாசா என்ற திறந்தவெளி. அதன் ஒரு பக்கம் மாதா கோயில், பக்கத்தில் நகராட்சி அலுவலகம், சற்றுத் தள்ளிப் பள்ளிக்கூடம், சந்தை. இந்த நடுப்பகுதிக்குப் போப்லாசியோன் என்று பெயர். சுற்றிலும் பராங்காய்கள், அதாவது நம் கணக்கில் குக்கிராமங்கள். நாயகி எந்தப் பராங்காய், நாயகன் வீடு எங்கே, இடையில் என்ன வாகனம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டாலே பாதிக் கதை அகப்பட்டுவிடும். அவள் வீட்டிலிருந்து பிளாசாவுக்குப் போகும் வழியில் சாரி-சாரி கடை ஒன்று கட்டாயம் இருக்கும். வீட்டின் முன்னறையே கடை, ஜன்னலில் கம்பி வலை, அதற்குள்ளே ஷாம்பு பாக்கெட் சரம். சிகரெட்டை ஒற்றையாகவும் எண்ணெயைச் சிறு பொட்டலமாகவும் விற்கும் கடை. ஒருவர் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை வந்து போவார். ஆகவே யாருடைய நடமாட்டமும் கடைக்காரம்மாவுக்குத் தெரியாமல் போகாது. இந்த அம்மாவைத் தாண்டி எப்படிப் போவது என்பதே ஒரு கதைக்குப் போதும்.

வாகனத்தையும் சரியாகப் போடவேண்டும். ஜீப்னி என்னும் அந்த ஊர்ப் பயணிகள் வண்டியில் இருக்கைகள் பக்கவாட்டில் நீளமாக, எதிரும் புதிருமாக இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கமாக. கண்டக்டர் பெரும்பாலும் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் கட்டணக் காசை அடுத்தவர் கையில் கொடுக்க, அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகும். மீதிச் சில்லறையும் அதே வழியாகத் திரும்பி வரும். இரண்டு பேரின் விரல்கள் ஊரார் முன்னிலையில், யாரும் குறை சொல்ல முடியாதபடி, தொட்டுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சமீபத்தில் வந்த ஒரு கதையில் ஜீப்னியில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறார். எழுதியவர் கையில் கிடைத்திருக்க வேண்டிய காட்சி அங்கேயே போய்விட்டது. கிராமத்து ஸ்டாண்டில் ஜீப்னி ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் என்பதையும் மறக்கவேண்டாம். கடைசி ஒரு ஆளுக்காகக் காத்திருக்கும் இருபது நிமிடம் எழுத்தாளருக்கு இலவசமாகக் கிடைப்பது.

அடுத்தது நாட்காட்டி. அங்குள்ள ஊர்களில் இளையவர்கள் சந்திக்கப் பெரியவர்களே அனுமதி கொடுத்த நாட்கள் உண்டு. கதை அந்த நாட்களில்தான் நடக்கும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியற்காலைப் பூசைகள், சிம்பாங் காபி (அங்கே ‘காபி’ என்றால் இரவு). இருட்டு விலகுமுன் நான்கு மணி வாக்கில் தொடங்கும். ஒன்பதையும் விடாமல் முடித்தால் வேண்டியது நடக்கும் என்று நம்பிக்கை. பூசை முடிந்து வெளியே வந்தால் பிபிங்கா கடை. வாழை இலை விரித்த மண்சட்டியில் அரிசிமாவுக் கலவையை ஊற்றி, மேலே ஒரு தகட்டில் தணல், கீழே தணல் என்று இரு பக்கமும் வேகவைப்பார்கள். மேலே உப்பு முட்டைத் துண்டு, வெண்ணெய், தேங்காய்த் துருவல். ஒன்று வேக நேரமாகும் என்பதால் வரிசையில் நிற்கவேண்டும், நிற்கும்போது பேசலாம். கதை எழுதுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்பது விடியலையும் வரிசையாக எழுதுவது. மூன்று போதும்: முதல் நாள், அவன் வராத ஒரு நாள், கடைசி நாள். வராத நாள்தான் முக்கியம். அன்று அவள் யாரிடமும் விசாரிக்க முடியாது, விசாரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். டிசம்பர் என்றவுடன் பனி கொட்டவைப்பதும் வேண்டாம். விடியலில் சற்றுக் குளிரும், அவ்வளவே.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தில் பபாசா நடக்கும். இயேசுவின் பாடுகளைச் செய்யுளாக ஒரு வீட்டிலோ சிற்றாலயத்திலோ இரவும் பகலும் இடைவிடாமல் ராகத்தோடு ஓதுவார்கள். ஆள் மாற்றி ஆள் உட்காருவார்கள். பாட வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் சோறும் காபியும் கொடுப்பார். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி முறைக்கு ஆள் குறைவு. அந்த முறைக்கு இரண்டு இளையவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து அடி மாற்றி அடி பாடவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் பாட்டி விழித்திருக்கிறார். வாயில் வருவது புனித வாசகம். ஒரு சொல்லும் தனியாகப் பேச வழியில்லை. இந்தக் காட்சியைத் தமிழில் யாராவது எழுதவேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

மே மாதக் கடைசியில் சாந்தாகுருசான் ஊர்வலம் வரும். பூ வளைவுகளுக்குக் கீழே அலங்கரித்த பெண்கள் நடந்து வருவார்கள், கடைசியில் ரெய்னா எலேனா, அதாவது எலேனா ராணி, அவள் பக்கத்தில் ராணியின் மகன் கான்ஸ்டன்டைன் வேடத்தில் ஒரு சிறுவன். யார் மகள் அந்த ராணி, யாருடைய மகன் எந்தப் பெண்ணுக்குத் துணையாக நடப்பது என்பதில் தாய்மார்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தைதான் கதைக்குரிய இடம். உடை வர்ணனையில் முக்கால் பக்கத்தைச் செலவழிக்காதீர்கள்.

திருவிழாக்களை ஊர் மாற்றிப் போடுவது பெரிய குறை. அரிசிமாவில் இலை வடிவத்தில் செய்து வண்ணமேற்றிய கிப்பிங்கை வீட்டு முகப்பில் தொங்கவிடும் பாஹியாஸ், கேசோன் மாகாணத்து லுக்பானில் மே 15 அன்று நடப்பது. அதைச் செபுவில் வைக்கக்கூடாது. செபுவுக்கு ஜனவரியில் சினுலோக் உண்டு. பிகோல் வட்டாரத்து நாகாவில் செப்டம்பர் மாதம் பெனாஃபிரான்சியா மாதா சிலை ஆற்று வழியாகப் படகில் திரும்பும். அந்தப் படகில் பெண்கள் ஏறும் வழக்கம் இல்லை. நாயகியும் நாயகனும் அதில் கைகோத்து நிற்பதாக எழுதினால் அந்த ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவன் படகில், அவள் கரையில் என்று வைத்தால் கதைக்கும் நல்லது.

பேச்சில் வட்டாரம் தெரியவேண்டும். பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் ‘போ’ சேர்ப்பது தகாலோகுக்காரர் மரியாதை. செபுவானோ பேசுகிறவர்களிடம் அந்த வழக்கம் இல்லை. ஜீப்னியை நிறுத்த மணிலா பக்கம் ‘பாரா’ என்பார்கள், செபுவில் ‘லுகார் லாங்’. அக்காவை மணிலா பக்கம் ஆத்தே என்றும் இலோகோஸில் மனாங் என்றும் கூப்பிடுவார்கள். அண்ணன் முறைக்குக் குயா, மனோங். இவற்றை அப்படியே விட்டுவிடலாம். இரண்டு பத்தியில் வாசகருக்குப் பழகிவிடும். பெரியவரைப் பார்த்ததும் அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ளும் மானோ வணக்கத்தையும் விடக்கூடாது. பெண் வீட்டுக்கு முதன்முறை போகும் பையன் கையை நீட்ட, அவள் அப்பா கையைக் கொடுக்கிறாரா இல்லையா என்பதில் ஒரு பக்க வசனம் மிச்சமாகும்.

பெயர்களிலும் மரியா, ஹோசேயை விட்டு வெளியே வரலாம். 1849ல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். சில ஊர்களில் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் குவிந்தன. அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்துப் பெயர்கள் இன்றும் ஏராளம். நாட்டின் பெரும்பகுதிகளான லூசோன், விசாயாஸ், மின்டனாவோ மூன்றையும் சேர்த்து லுஸ்விமிண்டா என்று பெண்ணுக்குப் பெயர் வைப்பார்கள். அப்பா பெயரையே தாங்கிய பையன் ஜுன் அல்லது ஜுன்-ஜுன். முழுப்பெயர் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும்.

இனி, நம் எழுத்தாளர்கள் அதிகம் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். அங்கே பெண் வீட்டார் சீர் கொடுத்து, நகை போட்டுக் கல்யாணம் செய்வதாக ஒரு கதையில் வந்தது. வழக்கம் நேர் எதிர். பையனின் பெற்றோர் சமைத்த உணவோடு பெண் வீட்டுக்குப் போய்ப் பேசி முடிப்பதற்குப் பமான்ஹிகான் என்று பெயர். கல்யாணச் செலவைப் பெரும்பாலும் பையன் வீட்டார் ஏற்பதே மரபு. ஆகவே ஏழைப் பெண் என்பதைவிட ஏழைப் பையன் என்பதுதான் அங்கே கதைக்கு முடிச்சு. பழைய நாளில் பையன் பெண் வீட்டில் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, மாதக்கணக்கில் வேலை செய்து காட்ட வேண்டும். அந்தக் காலக் கதை என்றால் அதைப் போடலாம். ஜன்னலுக்குக் கீழே கிட்டார் வாசித்துப் பாடும் ஹரானாவும் அப்படித்தான். இன்று நடக்கும் கதையில் அதைப் போட்டால் பையன் ஏன் அந்தப் பழைய வழியைத் தேர்ந்தெடுத்தான் என்பதற்குக் காரணம் வேண்டும். தாத்தா பாடிய பாட்டு என்றால் காரணம் ஆயிற்று.

பெண்ணின் அப்பா பையனைச் சோதிக்கும் காட்சிக்கு வசனத்தை நம்பவேண்டாம், கிளாஸை நம்புங்கள். தாகாய் என்பது ஒரே கிளாஸைச் சுற்றுக்கு விடும் குடி. ஒருவர் ஊற்றுவார், மற்றவர்கள் தன் முறை வரும்போது வாங்கிக் குடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கேசோன் பக்கம் லம்பனோக் என்னும் தென்னஞ்சாராயம். லெய்தே, சமாரில் தென்னங்கள், சதுப்புநில மரப்பட்டை சேர்த்துச் சிவப்பாக இருக்கும். மறுத்தால் மரியாதைக் குறைவு, அளவு தெரியாமல் குடித்தால் பெயர் கெடும். நான்காவது சுற்றில் பையன் என்ன செய்கிறான் என்பதில் கதை திரும்பும்.

தடைகளைத் தேடி வில்லன் வைக்கவேண்டியதில்லை, சட்டமும் நம்பிக்கையுமே போதும். 1988 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டப்படி 18 வயதில் மணக்கலாம். ஆனால் 21 வயது ஆகும்வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் 25 வயது வரை பெற்றோரின் ஆலோசனையாவது கேட்கவேண்டும். அவர்கள் சாதகமாகச் சொல்லாவிட்டால் உரிமம் மூன்று மாதம் தள்ளிப்போகும். விண்ணப்பம் செய்தவர்கள் பெயரை நகராட்சிப் பதிவாளர் அலுவலக அறிவிப்புப் பலகையில் தொடர்ந்து பத்து நாள் ஒட்டிவைப்பார்கள். ரகசியமாக மணக்க நினைக்கும் ஜோடியின் பெயர்கள் பிளாசாவைப் பார்த்த பலகையில் பத்து நாள்! கொடுத்த உரிமம் 120 நாள் செல்லும், அதற்குள் மணக்கவேண்டும். 1988க்கு முந்திய கதை என்றால் வயது வரம்பு வேறு, இதைப் போடக்கூடாது. இஸ்லாமியர் தவிர மற்றவர்களுக்கு அங்கே விவாகரத்துச் சட்டம் கிடையாது. ‘முதல் மனைவியை விவாகரத்து செய்துவிட்டு வந்தான்’ என்று ஒரு வரியில் முடிப்பது நடவாத காரியம். சட்டம் போதாதென்றால் சுகோப் இருக்கிறது. உடன்பிறந்த இருவர் ஒரே வருஷத்தில் மணம் முடித்தால் ஆகாது என்ற நம்பிக்கை. ஹாங்காங்கிலிருந்து விடுப்பில் வரும் அக்காவுக்கு இந்த வருஷம் கல்யாணம் என்று முடிவானால் தங்கை ஜனவரிவரை பொறுக்கவேண்டும். அதற்குள் தங்கையின் காதலன் கப்பல் ஏறவேண்டியிருந்தால்? வீட்டில் யாரும் கெட்டவர் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் வலிக்கும்.

கப்பல் என்றவுடன் வெளிநாட்டு வேலை வந்துவிடுகிறது. இன்றைய ஊர்க்கதையில் அதைத் தவிர்க்க முடியாது. ஹாங்காங் வீட்டு வேலை ஒப்பந்தம் இரண்டு வருஷம், கப்பல் மாலுமிக்கு ஒன்பது மாதம் போல. காலக் கணக்கு இதிலேயே அமைந்திருக்கிறது. ‘சில வருடங்களுக்குப் பிறகு’ என்று மூன்று நட்சத்திரம் போடாமல் ஒப்பந்தத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் பாலிக்பாயான் பெட்டியைக் கவனியுங்கள். சாக்லேட், டின் மாட்டிறைச்சி, சோப்பு, துண்டு, பையன்களுக்குக் காலணி என்று மாதக்கணக்கில் சேர்த்து அடைத்துக் கடல்வழியே அனுப்புவார்கள். மாகாணத்து வீட்டுக்கு வந்து சேர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். கிறிஸ்துமஸுக்குக் கிடைக்கவேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே போட்டாகவேண்டும். அக்டோபரில் அடைத்தவர் நவம்பரில் போனில் உறவை முறித்துக்கொள்கிறார், டிசம்பரில் பெட்டி வந்து நிற்கிறது. திறக்கும்போது அவள் அளவுக்கு வாங்கிய செருப்பு மேலேயே இருக்கிறது. திருப்பி அனுப்பவும் வழியில்லை, ஊரார் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

புயலைப் பற்றி ஒரு சொல். காதலர்களை ஒரே கூரையின் கீழ் அடைக்கப் புயலைக் கூப்பிடுகிறார்கள். புயல் ஓர் இரவில் முடிவதில்லை. கொப்பரைதான் வருமானம் என்றிருக்கும் குடும்பம் 45 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டிப் பிழைக்கிறது. மரம் சாய்ந்தால் புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். 2013 நவம்பரில், அங்கே யோலாண்டா என்றும் வெளியே ஹையான் என்றும் சொல்லும் புயல் லெய்தேயில் செய்தது இதுதான். மரத்தோடு கல்யாணமும் போகும், பையன் மணிலாவுக்கோ கடலுக்கோ போவான். இடி மின்னலில் அணைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, அடுத்த வாரம் அவன் தகரம் அடித்துக் கூரை வேய வருவதை எழுதினால் நம்பும்படி இருக்கும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுக்கும் எண்ணூறு சொல்லில் ஊர் உள்ளே வராது. ஆயிரத்தைந்நூறு கொடுங்கள். அதற்குள் ஒரே ஒரு விழா அல்லது சடங்கு, இரண்டு அல்லது மூன்று காட்சி, பெயருள்ள ஆட்கள் ஐந்து பேருக்கு மிகாமல். சிம்பாங் காபியும் ஹரானாவும் தாகாயும் ஒரே கதையில் வந்தால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். அவர்கள் கிலிக் என்று சொல்லும் அந்தச் சிலிர்ப்பு கதையில் ஒரு முறை வந்தால் போதும், அதுவும் முத்தத்தில் வரவேண்டியதில்லை.

மொழிபெயர்ப்புக் கதைகளுக்கு மூல மொழி எது என்று போடுங்கள். தகாலோகா, இலோகானோவா, செபுவானோவா, ஆங்கிலத்திலேயே எழுதியதா என்பது வாசகருக்குத் தெரியவேண்டும். மொழிபெயர்த்தவர் பெயரையும் தலைப்புக்குக் கீழேயே அச்சிடுங்கள். கதை நடக்கும் மாகாணத்தின் பெயரும் இருக்கட்டும். படம் போடுகிறவரிடம் கடற்கரைப் படத்தை விட்டுவிடச் சொல்லி, பாதிக் கதைகளில் கடலே வருவதில்லை என்று தெரிவியுங்கள்.

டிசம்பர் இதழுக்குக் கதை கேட்பதாக இருந்தால் ஆகஸ்டிலேயே அறிவித்துவிடுங்கள். எழுதுகிறவர்கள் ஊரின் வரைபடம் போட்டு, நாட்காட்டி பார்த்து, வட்டாரப் பேச்சைத் தெரிந்தவரிடம் கேட்டுச் சரிபார்க்க இரண்டு மாதமாவது வேண்டும்.

இப்படிக்கு,
சிறுகதை வாசகர் ஒருவர்,
திருச்சி